வெயிலில் நிற்கும் கறுப்பு காருக்கு வேக்ஸா, சீலன்டா?

கேள்வி இதுதான்: சென்னையில் கறுப்பு ஹேட்ச்பேக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் ஷெட் இல்லை, ஆபீஸிலும் திறந்தவெளி பார்க்கிங், கழுவுவது போர் தண்ணீரில். ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள், பக்கத்துக் கடைக்காரர் கார்னாபா வேக்ஸ் போட்டால்தான் பளபளப்பு என்கிறார், நண்பர் ஒருவர் சீலன்ட் போடு என்கிறார். இதற்கு நடுவில் பின்பக்க பம்பரில் யாரோ இடித்து, போன மாதம் அதை மட்டும் பெயின்ட் அடித்தாயிற்று. பளபளப்புக்கு எது, பாதுகாப்புக்கு எது?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சூழ்நிலைக்கு அடிப்படைப் பூச்சாக சீலன்ட், அதாவது செயற்கை பாலிமர் பூச்சு போடுங்கள். வேக்ஸ் என்ற மெழுகுப் பூச்சு பிடித்திருந்தால் அதன் மேல் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இப்போதைக்கு உங்கள் காருக்கு இந்த இரண்டில் எதுவுமே முதல் வேலை கிடையாது. எட்டு மாதம் திறந்த இடத்தில் நின்று, நம் ஊர் வழக்கப்படி தினமும் துணியால் துடைக்கப்பட்ட கறுப்பு பெயின்ட் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலை பத்து மணி வெயிலில் பானெட்டைக் கொஞ்சம் சாய்வாக நின்று பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அந்த வலை இருக்கும்வரை எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவை வாங்கிப் பூசினாலும் ஷோரூமில் பார்த்த கறுப்பு திரும்ப வராது.

ஏன் என்று புரிந்துகொள்ள, பெயின்ட் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் இருக்கும், அதாவது ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. நீங்கள் பூசும் வேக்ஸோ சீலன்டோ ஒரு மைக்ரான்கூட வராது. பளபளப்பு என்று நாம் சொல்வது கிளியர் கோட்டின் மேல் விழுந்த வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்பி வருவதைத்தான். மேற்பரப்பு சமமாக இருந்தால் நேராக வரும், கீறல் இருந்தால் நாலா பக்கமும் சிதறி, கறுப்பு சாம்பலாகத் தெரியும். மேலே போடும் பூச்சு அந்தப் பள்ளங்களைக் கொஞ்சம் நிரப்பி மறைக்கலாம், அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

அதனால்தான் பாலிஷ், வேக்ஸ் என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் புரிந்துகொள்ளச் சொல்லி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். நம் ஊரில் எதைப் பூசினாலும் ‘பாலிஷ் போட்டேன்’ என்றுதான் சொல்கிறோம். உண்மையில் பாலிஷ் என்பது மிக நுண்ணிய தூள் கலந்த பசை. அது கிளியர் கோட்டைத் துளி தேய்த்து எடுத்து சமப்படுத்துகிறது. ரப்பிங் காம்பவுண்ட் அதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்யும். வேக்ஸும் சீலன்டும் எதையும் எடுப்பதில்லை, மேலே படிகின்றன. இதில் குழப்பிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காம்பவுண்ட் போட்டு மெஷினில் தேய்த்து, ஐந்தாறு வருடத்தில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் உரிந்து வெள்ளைத் திட்டு விழுந்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தேய்த்து எடுத்த கிளியர் கோட் திரும்ப வளராது.

பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு இது வேறு மாதிரி நினைவிருக்கும். அந்தக் கார்களின் பழைய பெயின்டில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் அடுக்கு. வெயிலில் வெளுத்து மாவு மாதிரி ஆகிவிடும். வேக்ஸ் போட்டுத் தேய்த்தால் துணியில் கார் நிறம் ஒட்டும், கீழே இருந்து புது நிறம் எழும்பி வரும். அப்போது வேக்ஸ் டப்பா அவசியமாகவே இருந்தது, அதில் இருந்த எண்ணெய்ப் பசை காய்ந்துபோன பெயின்டுக்கு உயிர் கொடுத்தது. ‘வேக்ஸ் போட்டால் பெயின்டுக்கு ஊட்டம்’ என்று இன்றும் சொல்கிறவர்கள் அந்தக் கால அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். இன்றைய கிளியர் கோட் எதையும் உறிஞ்சுவதில்லை, அதற்கு ஊட்டம் தேவையும் இல்லை.

சரி, வேக்ஸுக்கு வருவோம். கார்னாபா வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை மரத்தின் மெழுகு. சியாரா, பியாவி மாநிலங்களில்தான் அதிகம். நம் பனைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஓலைகூட விசிறி மாதிரிதான் விரியும். கடும் வறட்சியில் ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலை மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, தட்டினால் மெழுகு தூளாக உதிரும், அதை உருக்கி வடிகட்டுகிறார்கள். மாத்திரை, மிட்டாய் மேல் தெரியும் மினுமினுப்பும் பல சமயம் இதே மெழுகுதான். இயற்கை மெழுகுகளிலேயே மிகவும் கடினமானது, 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தண்ணீரில் கரையாது. கேட்கும்போது காருக்கென்றே படைத்த பொருள் மாதிரி இருக்கும்.

ஆனால் சுத்தமான கார்னாபாவைக் காரில் பூசவே முடியாது. கல் மாதிரி இருக்கும், தட்டினால் சில்லு சில்லாக உடையும். கரைப்பான், எண்ணெய், தேன்மெழுகு போன்ற மிருதுவான மெழுகுகள், சிலிகோன் எல்லாம் கலந்தால்தான் துணியில் எடுத்துப் பூசும் பதம் வரும். டப்பாவில் 100 சதவீதம் கார்னாபா என்று போட்டிருந்தால், உள்ளே போட்டிருக்கும் மெழுகு முழுக்க கார்னாபா என்றுதான் பொருள், டப்பா முழுக்க அதுதான் என்று பொருளில்லை. இந்தக் கலவைதான் வேக்ஸின் அழகுக்கும் காரணம், பலவீனத்துக்கும் காரணம். எண்ணெய்ப் பசைதான் அந்த ஈரமான, ஆழமான கறுப்பைத் தருகிறது. அதே எண்ணெய்ப் பசைதான் வெயிலில் இளகி, ஷாம்பூவில் கரைந்து முதலில் போகிறது.

சீலன்ட் தொழிற்சாலையில் உருவான பொருள். பெரும்பாலும் அமினோ வகை சிலிகோன், அக்ரிலிக் போன்ற பாலிமர்கள். வேக்ஸ் பெயின்ட் மேல் சும்மா படிந்து உட்கார்கிறது. நல்ல சீலன்டின் மூலக்கூறுகளோ பெயின்டைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்குள்ளும் கைகோத்து ஒரு வலை மாதிரி இறுகுகின்றன. அந்த இறுக்கத்துக்கு நேரம் வேண்டும். பல சீலன்ட்களில் 12 மணி நேரமோ 24 மணி நேரமோ தண்ணீர் படக்கூடாது என்று பாட்டிலிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் சாயங்காலம் போட்டுவிட்டுத் தெருவில் நிறுத்தி, இரவு மழையோ பனியோ பட்டதும் ‘சீலன்ட் வேஸ்ட்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு ஷெட் இல்லை என்பதால் இதை முக்கியமாகக் கவனியுங்கள். சீலன்ட் போடும் அன்றைக்கு மட்டும் உறவினர் வீட்டு போர்ட்டிகோவோ அடுக்குமாடியின் மூடிய பார்க்கிங்கோ ஓர் இரவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டிலில் வேக்ஸ் என்று போட்டிருந்தும் உள்ளே இருப்பது முழுக்க சீலன்டாக இருக்கும். மெகுயர்ஸின் அல்டிமேட் லிக்விட் வேக்ஸ் அப்படித்தான், பெயர் வேக்ஸ், சரக்கு செயற்கை பாலிமர். காலினைட் 845 மாதிரி சில, கார்னாபாவையும் பாலிமரையும் ஒரே பாட்டிலில் கலந்தவை. அப்புறம் கிளீனர் வேக்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் லேசாகத் தேய்க்கும் தூளும் இருக்கும், ஆகவே மேலே சீலன்ட் போட்டிருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்து எடுத்துவிடும். பின்பக்கம் சிறிய எழுத்தில் செயற்கை, பாலிமர் என்று இருக்கிறதா, கிளீனர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி பளபளப்பு. கார்னாபா கதகதப்பான ஆழத்தைக் கொடுக்கும், சீலன்ட் கண்ணாடி மாதிரி கூர்மையாக மின்னும் என்று காலம் காலமாகச் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. என்னுடைய அடர்நீல செடானில் ஒருமுறை பானெட்டின் நடுவில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, முதலில் முழு பானெட்டையும் ஒரே மாதிரி பாலிஷ் செய்து, இடது பக்கம் பேஸ்ட் வேக்ஸ், வலது பக்கம் சீலன்ட் போட்டேன். டேப்பை எடுத்த அன்றைக்கு இடது பக்கம் துளி அடர்த்தியாக, ஈரம் சொட்டுகிற மாதிரி இருந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். ஒரு வாரத் தூசியும் ஒரு வாட்டர் வாஷும் ஆன பிறகு எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆறாவது வாரத்தில் தண்ணீர் தெளித்தபோதுதான் வித்தியாசம் தெளிவாக வந்தது. வலது பக்கம் தண்ணீர் மணி மணியாக உருண்டது, இடது பக்கம் தேங்கிப் பரந்து நின்றது. அந்த பானெட்டில் அழகுக்கு முக்கால்வாசிக்கும் மேல் காரணம், நான் முந்தின நாள் செய்த பாலிஷ். வெள்ளை, வெள்ளிக் கார் வைத்திருப்பவர்கள் இந்த வேக்ஸ் அழகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அந்த நிறங்களில் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு, அடர்சிவப்பு, அடர்நீலம் இவற்றில்தான் பேச இடமிருக்கிறது.

எவ்வளவு நாள் தாங்கும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். கறுப்பு பானெட்டில் மே மாத மதியத்தில் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் நிற்கும் கறுப்புத் தகரம் 70 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கார்னாபா தனியாக அந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் அதனுடன் கலந்திருப்பவை தாங்காது. தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். வேக்ஸ் உருகி வழிந்து ஓடிவிடும் என்று சொல்லவில்லை, இளகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கழுவலில் கொஞ்சம் போகும். குளிர்நாட்டுக்காரர்கள் வேக்ஸ் மூன்று மாதம் தாங்கும் என்று சொல்வதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திறந்த வெயிலில், வாராவாரம் கழுவும் காரில் வேக்ஸ் நாலு முதல் எட்டு வாரம் தாங்கினால் நல்லது. அதே காரில் ஒழுங்காகப் போட்ட சீலன்ட் நாலு முதல் ஆறு மாதம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பூச நேரமும் ஆசையும் உள்ளவர்களுக்கு வேக்ஸ் ஒரு குறையே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் தன் பழைய காருக்கு வேக்ஸ் போடுவார், அந்தக் காரைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துத்தான் கடைகளில் அதிகம் விற்கிறார்கள், ஆகவே எது உண்மையோ அதை மட்டும் சொல்கிறேன். கல் தெறித்து விழும் பள்ளத்தை வேக்ஸும் தடுக்காது, சீலன்டும் தடுக்காது. பைக் ஹேண்டில் உரசியதையும் தடுக்காது. ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம் எதைத் தடுக்கும்? வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதும் பெரும்பாலும் பேச்சுதான், அந்த வேலையைச் செய்யும் பொருள்களைக் கிளியர் கோட்டிலேயே கலந்து வைத்திருக்கிறார்கள். கிளியர் கோட்டைத் தேய்த்து மெலிதாக்காமல் காப்பாற்றுவதுதான் வெயிலுக்கு எதிரான உண்மையான பாதுகாப்பு. காரை நிழலில் நிறுத்த முடிந்தால் எந்தப் பூச்சையும்விட அது பெரிது.

பின்னே எதற்குப் போட வேண்டும்? ஒட்டுகிற பொருள்கள் ஒட்டாமல் இருக்கத்தான். காக்கா எச்சம், புறா எச்சம், வேப்பமரத்தடியில் சொட்டும் பிசின், ஹைவேயில் இரவில் பம்பரில் அடித்து ஒட்டும் பூச்சி, தார்த் துளி, இவை நேராகக் கிளியர் கோட்டில் உட்காராமல் நடுவில் ஒரு பலிகடா அடுக்கு இருக்கும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, கெடுதலில் அது ஒரு பங்கு, இன்னொரு பங்கு வெயிலுடையது. வெயிலில் கிளியர் கோட் சூடாகி விரிந்து மிருதுவாக இருக்கும்போது மேலே எச்சம் காய்ந்து இறுகுகிறது. மாலை ஆறும்போது கிளியர் கோட் அந்தக் காய்ந்த எச்சத்தின் வடிவத்திலேயே சுருங்கி இறுகிவிடுகிறது. கழுவிய பிறகும் ஒரு மங்கல் வட்டம் தெரிவதற்கு இதுதான் காரணம். வேக்ஸோ சீலன்டோ உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான், இரண்டு நாள் விட்டுவைக்க அனுமதி தராது. டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். எச்சத்தைப் பார்த்ததும் துணியை நனைத்து அதன் மேல் இரண்டு நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் தேய்க்காமல் வழித்து எடுங்கள். காய்ந்ததைத் தேய்த்தால் அதில் இருக்கும் மணலும் விதையும் கோடு போட்டுவிடும்.

போர் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள், உங்கள் கேள்வியிலேயே எனக்கு அதிகம் கவலை தந்த விஷயம் அதுதான். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏராளம், பக்கெட்டின் ஓரத்தில் படியும் வெள்ளை உப்பு பார்த்திருப்பீர்கள். வேக்ஸ் அல்லது சீலன்ட் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், எல்லோரும் அதைப் படம் எடுத்துப் போட்டு சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அந்த முத்து ஒவ்வொன்றும் வெயிலில் காய்ந்தால், அதில் இருந்த உப்பு எல்லாம் ஒரே வட்டத்தில் குவிந்து நிற்கும். கறுப்பில் அது அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். பூச்சே இல்லாத காரில் தண்ணீர் பரந்து காய்வதால் கறை மங்கலாக இருக்கும், பூச்சு போட்ட காரில் புள்ளி புள்ளியாகத் துல்லியமாக இருக்கும். ஆகவே பூச்சு போட்டால் கழுவியதும் காயவிடாமல் துடைத்தே ஆக வேண்டும். காலை ஏழு மணிக்குள் கழுவி முடியுங்கள், அல்லது சூரியன் இறங்கிய பிறகு. கடைசியாக ஊற்றும் ஒரு பக்கெட் மட்டுமாவது மழைத் தண்ணீராகவோ ஆர்ஓ தண்ணீராகவோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புதிதாக விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, நிழலில், ஒரு நிமிடம் நனைத்து நன்றாகக் கழுவினால் போய்விடும், அந்த இடத்தில் வேக்ஸும் கொஞ்சம் குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் விட்டது கிளியர் கோட்டையே அரித்திருக்கும், அதற்குப் பாலிஷ்தான்.

டெஃப்லான் கோட்டிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கிற அதே பொருள் காரில் இருக்கிறது என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பொருள் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும், பாத்திரத்தில் அதை ஒட்டவைக்க அதைவிட அதிகச் சூட்டில் சுடுகிறார்கள். உங்கள் காரை ஷோரூமில் அப்படிச் சுட முடியாது. டெஃப்லான் கோட்டிங் என்ற பெயரில் பூசப்படுவது நடைமுறையில் ஒரு பாலிமர் சீலன்ட்தான், அதன் ஆயுளும் சீலன்டின் ஆயுள்தான். வேலை சுத்தமாக நடந்தால் தப்பில்லை, ஆனால் அதே பொருளை நீங்களே அந்தச் செலவில் ஒரு பகுதியிலேயே வருடத்துக்கு இரண்டு முறை போடலாம். செராமிக் கோட்டிங் வேறு சாதி. அது சிலிகா அடிப்படையில் கடினமாக இறுகும் பூச்சு, ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதில் 9எச் என்று எழுதியிருப்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்தின் கடினத்தை அளக்கும் அளவுகோல் இல்லை. செராமிக் போட்ட காரிலும் அழுக்குத் துணி கோடு போடும், போர் தண்ணீர் புள்ளி போடும். காருக்கு அவ்வளவு செலவு செய்யலாம் என்றால் போடுங்கள், கீழே பாலிஷ் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நின்று பார்த்துப் போடுங்கள்.

உங்கள் காரில் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் கார் ஷாம்பூவில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள், வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவரில் தெரியும். அது பெயின்டில் பதிந்துபோன இரும்புத் துகள், பிரேக் தூள், பெயின்ட் தூசி. கிளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டியை ஷாம்பூத் தண்ணீர் விட்டு மெதுவாக வழுக்கினால் எல்லாம் வந்துவிடும், கட்டி கீழே விழுந்தால் எடுத்து உபயோகிக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். அடுத்து அந்த வட்டக் கீறல்களுக்கு ஒரு லேசான பாலிஷ், ஒரே ஒரு முறை. கையால் செய்தால் பாதி போகும், சுழன்று அதிரும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் இருந்தால் நன்றாகப் போகும், ஓரிரு மைக்ரான்தான் குறையும். தெரியாதவர் கையில் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினைக் கொடுக்காதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் மிச்சம் இருந்தால் சீலன்ட் பிடிக்காது, ஆகவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து துடைத்து எடுங்கள்.

அப்புறம் சீலன்ட். நிழலில், தகரம் கையில் குளிர்ச்சியாகப் படும்போது. ஒரு சின்னக் காருக்கு 20, 30 மில்லி போதும், எல்லோரும் செய்யும் தப்பு அதிகமாகப் பூசுவதுதான். மேலே மிஞ்சியது எதுவும் ஒட்டப்போவதில்லை, துடைக்கத்தான் கஷ்டம், வெள்ளைக் கோடு விழும். ஒரு பகுதியில் பூசி, காய்ந்ததா என்று விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், விரல் போன இடம் தெளிவாக மின்னினால் துடைக்கலாம், கலங்கினால் காத்திருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், முக்கியமாக வேக்ஸ் போடும்போது, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் வெள்ளையாகக் காய்ந்தால் எடுக்க ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷுடன் உட்கார வேண்டும்.

எப்போது போடுவது என்றால், நம் ஊர் காலத்துக்கு வருடத்தில் இரண்டு தேதி போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பர் கடைசியில் ஒன்று, வெயில் ஏறுமுன் பிப்ரவரி கடைசியில் ஒன்று. மார்கழிப் பனியில் தூசி படிந்து ஈரமாகிக் காய்வது கறுப்பு காரைப் பாழாக்கும், அதற்கும் செப்டம்பர் பூச்சு கைகொடுக்கும். நடுவில் சீலன்ட் இன்னும் இருக்கிறதா என்று தெரிய, கழுவும்போது தண்ணீர் மணியாக நிற்கிறதா, சீக்கிரம் வழிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தேங்கி நின்றால் முதலில் ஷாம்பூவில் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பாருங்கள், பல சமயம் மேலே அழுக்குப் படிந்திருக்கும், அடியில் சீலன்ட் உயிரோடுதான் இருக்கும்.

தினமும் துடைப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அடுக்குமாடிகளில் ஒருவர் ஒரே பக்கெட், ஒரே துணியில் பத்து கார் துடைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அந்த வேலையைச் செய்கிறார், யாரும் அவருக்குச் சரியான துணி வாங்கிக் கொடுத்ததில்லை. உங்கள் காருக்கென்று 300, 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் எடை) மைக்ரோஃபைபர் துணி நாலும் தனி பக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, தூசியின் மேல் காய்ந்த துணி போட வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள் அண்ணா என்று சொல்லிப் பாருங்கள். அல்லது தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள். கறுப்பு காரைப் பொறுத்தவரை தூசியோடு நிற்பது தவறான துணியால் துடைக்கப்படுவதைவிட நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பூச்சைக் குறைக்கும். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, ஒரு நாள் மினுமினுக்கும், தூசியை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும், நீங்கள் போட்ட வேக்ஸையும் கரைத்து எடுத்துவிடும்.

கார்னாபா ஆசை இருந்தால், சீலன்ட் போட்டு ஒரு நாள் முழுதாக இறுகிய பிறகு அதன் மேல் மெல்லியதாக வேக்ஸ் பூசுங்கள். தீபாவளிக்கு, வீட்டுக் கல்யாணத்துக்கு, ஊருக்குப் போகும் முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். வேக்ஸ் ஒன்றரை மாதத்தில் போய்விட்டாலும் அடியில் சீலன்ட் இருக்கும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், வேக்ஸ் மேல் சீலன்ட் போட்டால் அது பெயின்டைப் பிடிக்க வழியில்லை, வேக்ஸோடு சேர்ந்து போய்விடும்.

கடைசியாக அந்தப் பின்பக்க பம்பர். தொழிற்சாலையில் பெயின்டை 140 டிகிரி அளவில் சுடுவதால் புதுக் காருக்குக் காத்திருக்க வேண்டிய தேவையில்லை. வெளியே அடிக்கும் பெயின்ட் நல்ல பெயின்ட் பூத்திலேயே (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) 60 டிகிரி அளவில்தான் காயவைக்கப்படுகிறது, பல பட்டறைகளில் அதுவும் இல்லை, வெறும் காற்றில் காய்கிறது. உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதன் மேல் இப்போதே சீலன்டைப் போட்டு மூடாதீர்கள். அடித்து இரண்டு மாதம் முடியும்வரை பம்பரை வெறும் ஷாம்பூவில் மட்டும் கழுவுங்கள், வேக்ஸும் வேண்டாம், கிளேயும் வேண்டாம். மற்ற பகுதிகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். பம்பருக்கு இரண்டு மாதம் முடிந்ததும் அதே பாட்டிலில் மிச்சம் வைத்திருக்கும் சீலன்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.